ரடர் பெடலா, ட்விஸ்ட் ஜாய்ஸ்டிக்கா: வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டருக்கு முதலில் எதை வாங்குவது?

வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்ட ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கிறது, விமானமும் பறக்கிறது, ஆனால் டேக்ஆஃப் ஓட்டத்தில் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போகிறது, இறங்கும்போது நடுக்கோட்டில் பிடித்து வைக்கவே முடியவில்லை. இப்போது இருக்கும் காசுக்கு நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்குவதா, இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, ரடரை, அதாவது விமான வாலில் செங்குத்தாக நிற்கும் அசையும் பலகையை, காலால் இயக்கும் ரடர் பெடல் வாங்குவதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ரொப்பெல்லர் விமானமோ ஹெலிகாப்டரோதான் உங்கள் விருப்பம் என்றால் பெடல் வாங்குங்கள், ஜாய்ஸ்டிக் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஏர்பஸ், போயிங் மட்டும்தான் என்றால் பெடலுக்கு அவசரமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் நாற்காலியும் தரையும் மேசையும் ஒழுங்காக இல்லாவிட்டால் போட்ட காசில் பாதி வீண்தான். அதனால் பொருளைப் பற்றி எவ்வளவு பேசுகிறேனோ அதே அளவு அதை எங்கே, எப்படி வைப்பது என்பதையும் பேசப்போகிறேன்.

ரடரை காரின் ஸ்டீயரிங் மாதிரி நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. காற்றில் விமானம் திரும்புவது இறக்கையைச் சாய்ப்பதால்தான், ரடரின் வேலை மூக்கைப் போகும் திசையில் நேராக வைப்பது. செஸ்னா 172 மாதிரி, பைலட் இருக்கையிலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும் விமானத்தில், முழு பவர் கொடுத்ததும் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் தள்ளுகின்றன. எஞ்சினின் எதிர்த்திருப்பம் ஒன்று. ப்ரொப்பெல்லரிலிருந்து சுழன்றுகொண்டே பின்னால் வரும் காற்று வாலின் இடப்பக்கத்தில் மோதுவது இன்னொன்று. மூக்கைத் தூக்கியதும் கீழிறங்கும் பக்கத்து பிளேடு, மேலேறும் பக்கத்தைவிட அதிகமாக இழுப்பது மூன்றாவது. இதற்கெல்லாம் சேர்த்து வலது ரடர் கொடுக்க வேண்டும். பவரைக் குறைத்தால் அந்தத் தேவை குறையும், வேகம் கூடினால் இன்னும் குறையும். அப்புறம் இறக்கையைச் சாய்க்கும்போது, மேலே போகும் இறக்கையில் இழுவை அதிகமாகி மூக்கு கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் விலகும், அதைச் சரிக்கட்டவும் ரடர். ஆக இது எப்போதோ ஒருமுறை பெரிதாகச் செய்யும் வேலை இல்லை. பறக்கும் நேரம் முழுக்க, சின்னச் சின்னதாக, அளவு மாறிக்கொண்டே இருக்கும் வேலை. எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ட்விஸ்ட் ஜாய்ஸ்டிக் என்பது கைப்பிடியையே இடமும் வலமும் திருகினால் ரடர் அசைவது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், ஏர்பஸ் பக்கவாட்டு ஸ்டிக்கைப் போலச் செய்த த்ரஸ்ட்மாஸ்டர் டி.சி.ஏ, இவற்றுக்கு மேலே வி.கே.பி கிளாடியேட்டர் என்.எக்ஸ்.டி ஈவோ என்று பலரும் வாங்குவது எல்லாமே ட்விஸ்ட் உள்ளவைதான். நல்ல பக்கம் தெளிவானது. தனியாக ஒரு பொருள் வாங்க வேண்டாம், மேசைக்கு அடியில் இடம் வேண்டாம், விளையாடி முடித்ததும் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். ஒரே அறையில் படிப்பு, வேலை, தூக்கம் எல்லாம் நடக்கும் வீடுகளுக்கு இது சாதாரண வசதி இல்லை.

கெட்ட பக்கம் பக்கக்காற்றில் இறங்கும்போது தெரியும். ஒரு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். சென்னையில் கோடை மதியம் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். நீங்கள் செஸ்னாவில் 07 ரன்வேக்கு, அதாவது சுமார் 70 டிகிரித் திசையை நோக்கி, வருகிறீர்கள், காற்று 130 டிகிரியிலிருந்து 12 நாட் என்று வைத்துக்கொள்வோம். ரன்வேக்குக் குறுக்கே வலப்பக்கமிருந்து சுமார் 10 நாட் அடிக்கிறது. 172-இன் கையேடு செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று என்று சொல்லும் அளவு 15 நாட், அதனால் இது அபாயமான காற்று ஒன்றும் இல்லை, ஆனால் சும்மா விட்டால் விமானத்தை ரன்வேயின் இடது ஓரத்துக்குத் தள்ளிவிடும். செய்ய வேண்டியது: வலது இறக்கையைக் காற்றுக்குள் சாய்த்துப் பிடித்து, மூக்கு வலப்பக்கம் திரும்பிவிடாமல் இடது ரடர் கொடுத்து ரன்வேயோடு நேராக வைப்பது. ட்விஸ்ட் ஸ்டிக்கில் இதன் அர்த்தம், ஒரே கை வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இடப்பக்கம் திருக வேண்டும், கூடவே மெதுவாகப் பின்னால் இழுத்து மூக்கையும் தூக்க வேண்டும். வேகம் குறையக் குறைய எய்லரானும் (இறக்கையைச் சாய்க்கும், அதன் விளிம்பில் உள்ள பலகை) ரடரும் மந்தமாகும், இரண்டையும் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் வேலை முடியாது: எய்லரானைக் காற்றின் பக்கம் முழுவதும் சாய்த்துக்கொண்டே ரடரால் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு அந்தக் கோணத்தில் ஏற்கெனவே தன் எல்லையில் இருக்கும். திருகும்போது சாய்வு மாறும், சாய்க்கும்போது திருகு மாறும். இது பழக்கக்குறை இல்லை, கையின் அமைப்பு அப்படி. எவ்வளவு விலையுள்ள ட்விஸ்ட் ஸ்டிக் வாங்கினாலும் இந்த ஒரு சிக்கல் குறையுமே தவிரப் போகாது. காலுக்கு மாற்றிவிட்டால், கை ஒரு வேலை, கால் ஒரு வேலை என்று பிரிந்துவிடும், அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, சென்சார். பல விலை குறைந்த ஸ்டிக்குகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒரு கார்பன் பாதையின் மேல் உரசிக்கொண்டு நகரும் முள். தேயும், தூசு படியும், ஒரு காலத்துக்குப் பிறகு கையே வைக்காமல் இருந்தாலும் ரடர் துடிக்க ஆரம்பிக்கும். ஹால் சென்சார் என்றால் காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்வதால் அந்தத் தேய்மானம் கிடையாது. டி.16000எம்-ஐ ஹால் சென்சார் ஸ்டிக் என்றுதான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள், உண்மைதான், ஆனால் ஹால் சென்சார் இருப்பது முன்பின், இடவல அசைவுகளுக்கு மட்டும். அதன் ட்விஸ்ட்டில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்தான், முதலில் தகராறு செய்வதும் அதுதான். நல்லவேளையாக அதில் ட்விஸ்ட்டைப் பூட்டிவைக்க வழி இருக்கிறது, பிறகு பெடல் வாங்கினால் பூட்டிவிட்டு ஸ்டிக்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். கிளாடியேட்டரில் ட்விஸ்ட்டுக்கும் தொடாத சென்சார்தான். பெடல் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அந்த ஸ்டிக்குக்குக் காசு சேர்ப்பது நியாயம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.டபிள்யூ.சி.எஸ் த்ராட்டிலின் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) முன்பக்கத்தில், விரல்கள் படும் இடத்தில், இடமும் வலமும் அழுத்தும் ஒரு பட்டை இருக்கிறது. ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்ந்து வரும் அதே கம்பெனியின் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் வகைகளிலும் உண்டு. ரடரை அதற்குக் கொடுத்துவிட்டால் வலது கை சாய்ப்பதும் தூக்குவதும் மட்டும், இடது கை விரல்கள் ரடர். மேலே சொன்ன மணிக்கட்டுச் சிக்கல் போய்விடும். குறை என்னவென்றால் விரலின் அசைவு தூரம் மிகச் சிறியது, அதே கைதான் த்ராட்டிலையும் நகர்த்துகிறது, இறங்கும் கடைசி நொடிகளில் இரண்டும் ஒன்றாக வேண்டியிருக்கும். ஆனாலும் உங்களிடம் ஏற்கெனவே அந்த த்ராட்டில் இருக்கிறது என்றால் பெடலுக்குக் காசு போடும் முன் இதை ஒரு மாதம் முயற்சி செய்து பாருங்கள், செலவு ஒன்றும் இல்லை.

பெடல் தேவையா என்று சோதிக்க என்னிடம் ஒரு நல்ல வழி உண்டு. டி.சி.எஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் டி.எஃப்-51டி என்ற, ஆயுதமில்லாத மஸ்டாங் விமானம் இலவசமாகவே வருகிறது. அதன் தனி அமைப்புகளில் டேக்ஆஃப் உதவி, ஆட்டோ ரடர் இரண்டையும் அணைத்துவிட்டு ஓடுங்கள். வால் சக்கர விமானம், பெரிய எஞ்சின், பெரிய ப்ரொப்பெல்லர். பவரை ஒரேயடியாகத் தள்ளினால் ரன்வேயிலேயே சுழன்றுவிடும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தால் வால் சக்கரம் பூட்டிக்கொண்டு 6 டிகிரி மட்டும் திரும்பும், முன்னால் தள்ளினால் கட்டுப்பாடில்லாமல் சுழலும். வால் மேலே எழும் அந்தச் சில நொடிகளில் ரடரை ட்விஸ்ட்டில் உங்களால் பிடிக்க முடிகிறதா, முடியவில்லையா என்பதே பதில். முடிகிறது, சலிப்பாக இல்லை என்றால் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

ஏர்பஸ் பிரியர்களுக்கு ஏன் அவசரமில்லை என்றேன் என்றால், ஏ320 பறக்கும்போது ரடர் ஒத்திசைவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. பைலட் பெடலைத் தொடுவது டேக்ஆஃப் ஓட்டம், இறங்கும்போது மூக்கை நேராக்குவது, எஞ்சின் செயலிழப்பு மாதிரி சில நேரங்களில்தான். தரையில் ஊர்ந்துபோகும்போது பெடல் மூக்குச் சக்கரத்தை 6 டிகிரி வரைதான் திருப்பும், பெரிய திருப்பங்களுக்குப் பக்கத்தில் தனிச் சக்கரம், டில்லர், இருக்கிறது. பிரேக்குக்கு ஆட்டோபிரேக் போட்டுக்கொள்ளலாம். ட்விஸ்ட் இந்த வேலைக்குப் போதுமானது. பின்னாளில் பெடல் வாங்கினாலும் ட்விஸ்ட் வீணாகாது: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கான இலவச ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் விமானத்தில் டில்லரைத் தனி அச்சாக வைக்கலாம், ட்விஸ்ட்டை அதற்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏர்லைனர் மீது ஆசைப்பட்டு ஹனிகோம்ப் ஆல்ஃபா மாதிரி யோக், அதாவது ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி, வாங்குபவர்களுக்கு ட்விஸ்ட் என்ற ஒன்றே கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் ஸ்டிக்கிலும் இல்லை. இந்த இரண்டில் எதை வாங்கினாலும் பெடலின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், இல்லாவிட்டால் ரடரைக் கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹெலிகாப்டருக்குப் பேச்சே தேவையில்லை, பெடல்தான். ஹியூவி என்ற அமெரிக்க ஹெலிகாப்டரில் கலெக்டிவை, அதாவது மேலே ஏற்றும் நெம்புகோலை, தூக்கியதும் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், இடது பெடல் கொடுத்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். ரஷ்ய எம்.ஐ-8-இல் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றுவதால் வலது பெடல். அந்தரத்தில் நிற்கும்போது மிதித்த பெடல் மிதித்தபடியே இருக்கும், அதிலிருந்து நூலளவு முன்னும் பின்னும். கைப்பிடியின் ஸ்ப்ரிங் நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கையில் இதை மணிக்கட்டால் செய்வது வலியில்தான் முடியும்.

சரி, பெடல் என்று முடிவாகிவிட்டால் எது?

அதிகம் காணக் கிடைப்பவை இரண்டு: த்ரஸ்ட்மாஸ்டர் டி.எஃப்.ஆர்.பி, லாஜிடெக் ஃப்ளைட் ரடர் பெடல். பின்னது முன்பு சாய்டெக் என்ற பெயரில் வந்ததுதான், 2016-இல் அந்தப் பெயரை லாஜிடெக் வாங்கியது. டி.எஃப்.ஆர்.பி சிறியது, எடை குறைவு, அலுமினியத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் வழுக்கும். இரண்டு பெடலும் நெருக்கமாக இருப்பதால் உயரமானவர்களுக்கும் தொடை பருத்தவர்களுக்கும் முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இடுப்பில் தெரியும். வழுக்குவதும் சில சமயம் நடுவில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று நகரும், தண்டவாளத்தைத் துடைத்து மெலிதாக கிரீஸ் போட்டால் நன்றாகவே குறையும். லாஜிடெக்கினுடையது அகலம், கனம், பாதம் வசதியாக உட்காரும், நடுவில் உள்ள குமிழைத் திருப்பி இறுக்கத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அதன் குறை நடுப்புள்ளியில் ஒரு கெட்டியான பிடிப்பு. அதைத் தாண்டத் தள்ளும்போது நீங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போய்விடும், சின்ன ரடர் கொடுக்க வேண்டிய இடத்தில் அது தொல்லை. இறுக்கத்தை மிகக் குறைவாக வைத்தால் ஓரளவு தணியும். என் தேர்வு கேட்டால், மேசைக்கு அடியில் இடமிருந்தால் லாஜிடெக், இல்லாவிட்டால் டி.எஃப்.ஆர்.பி. ஒரு விதிவிலக்கு: எக்ஸ்பாக்ஸில் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன் வைத்து ஓட்டுபவர்கள் இந்த இரண்டில் டி.எஃப்.ஆர்.பி-யைத்தான் வாங்க வேண்டும், அது அந்த த்ராட்டிலிலேயே நேராகச் செருகிக்கொள்ளும்.

வி.கே.பி டி-ரடர் வேறு தத்துவம். மேலே சொன்ன இரண்டிலும் பெடலின் மேற்பகுதியை அழுத்தினால் சக்கரப் பிரேக் பிடிக்கும், இதில் பிரேக் கிடையாது. குதிகால் உட்பட முழுப் பாதமும் பெடல் மேலேயே இருக்கும், காலை நீட்டி மடக்காமல் கணுக்கால் அசைவிலேயே வேலை நடக்கும், தொடாத சென்சார், கெட்டியான உலோகம். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு இதைவிட வசதியான ஒன்று இல்லை என்றே நினைக்கிறேன். பிரேக் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், முதலில் என்ன ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஸ்பிட்ஃபையரில் நிஜத்திலேயே பாதப் பிரேக் இல்லை, ஸ்டிக்கில் உள்ள நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு ரடரைத் தள்ளினால் அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். மிக்-21, எல்-39 எல்லாம் அதே முறைதான். பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்கும் பாதப் பிரேக் தேவையில்லை. ஆனால் செஸ்னாதான் உங்கள் உலகம் என்றால் பிரேக் வேண்டும்: பெடலால் மட்டும் மூக்குச் சக்கரம் இருபக்கமும் 10 டிகிரிதான் திரும்பும், ஒரு பக்கப் பிரேக்கையும் சேர்த்தால்தான் 30 டிகிரி வரை போகும், நெரிசலான பார்க்கிங்கில் அதுதான் உதவும்.

மேலே போனால் குரோஷியாவிலிருந்து வரும் எம்.எஃப்.ஜி கிராஸ்விண்ட், லிதுவேனியாவின் வர்பில், த்ரஸ்ட்மாஸ்டரின் ஊசல் வகை டி.பி.ஆர். எல்லாமே அருமையானவை, ஸ்ப்ரிங்கை மாற்றலாம், கோணத்தை மாற்றலாம், பல வருஷம் உழைக்கும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும்போது கனத்துக்கேற்ற கூரியர் கட்டணமும் சுங்கமும் சேரும் என்பதால் விலைப்பட்டியலில் பார்க்கும் தொகையை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதல் பெடலாக இவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் காலுக்கு எது பிடிக்கும் என்பதே முதல் பெடலில்தான் தெரியவரும்.

இனி தரை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் பெடல் கம்பளத்தின் மேல் இருக்கும், அடியில் உள்ள ரப்பர் காலே போதும் என்பார்கள். நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், கிரானைட். பெடலை மிதித்தால் பெடல் முன்னால் போகும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் போகும், இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகும். அப்போது கால் ரடரைத் தேடுவதிலேயே இருக்கும், நல்ல பெடல் வாங்கியதன் பலன் எதுவும் தெரியாது. பெடலைச் சுவரில் முட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், நாற்காலியின் சக்கரங்களுக்கு அடியில் கிண்ணம் மாதிரி ரப்பர் வைத்தால் மீதி. ஆனால் மிகச் சிறந்த வழி ஒரு ப்ளைவுட் பலகை. முக்கால் அங்குலத் தடிமன், நாற்காலியின் முன்கால்கள் அதன் மேல் நிற்கும் அளவுக்கு நீளம், பெடல் அதன் முன்பக்கத்தில் திருகு போட்டு இறுக்கியது. உங்கள் உடல் எடையே பலகையை அழுத்திப் பிடிப்பதால் எவ்வளவு உதைத்தாலும் நகராது. பக்கத்துத் தச்சுப் பட்டறையில் அறுத்துத் தருவார்கள். நாற்காலியும் சக்கரமில்லாத, நான்கு கால் சாப்பாட்டு மேசை நாற்காலியாக இருந்தால் இன்னும் நல்லது. முதுகு சாய்ந்த நிலையில், ஒரு பக்கம் முழு ரடர் மிதிக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், அதுதான் சரியான தூரம். குதிகால் தரையில், ரடருக்குப் பாதத்தின் கீழ்ப்பகுதி, பிரேக்குக்கு மட்டும் பாதத்தை மேலே நகர்த்தி முன்பாதத்தால் அழுத்துவது. டேக்ஆஃபில் பிரேக்கும் சேர்ந்து பிடிப்பதாகச் சந்தேகம் வந்தால் காரணம் பெரும்பாலும் பாதம் உயரத்தில் இருப்பதுதான்.

ஜாய்ஸ்டிக்கின் இடமும் அதே அளவு முக்கியம். மேசை மேல் வைத்தால் தோள்பட்டை தூக்கியே இருக்கும், அரை மணி நேரத்தில் வலிக்கும், வலித்தால் கை கனக்கும், கனத்தால் ரோல், அதாவது பக்கச் சாய்வு, அதிகமாகும். நாற்காலியின் கைத்தாங்கி உயரத்தில், முழங்கை செங்கோணத்தில் மடங்கும்படி, பக்கத்தில் ஒரு ஸ்டூலிலோ மேசை விளிம்பில் மாட்டும் கிளாம்பிலோ வைத்துப் பாருங்கள். முன்கையைத் தொடை மேலோ கைத்தாங்கி மேலோ ஊன்றிக்கொண்டு விரல்களால் மட்டும் அசைப்பது, இறுக்கிப் பிடிப்பதைவிட எவ்வளவோ துல்லியம். எஃப்-16, ஏ320 ஓட்டுபவர்களுக்குப் பக்கவாட்டு இடமே நிஜமானது. பழைய போர் விமானங்களும் ஹெலிகாப்டரும் என்றால் இரண்டு காலுக்கு நடுவில், ஸ்டிக்கின் கழுத்தை நீட்டும் குழாயோடு வைப்பது ஒப்பற்றது, ஏனென்றால் அதே கோணத்துக்குக் கை அதிக தூரம் நகர்கிறது, நுணுக்கம் தானாகவே வந்துவிடும். ஆனால் அந்த நீட்டிப்பு உலோகத் தளமும் கெட்டியான மாட்டும் சட்டமும் உள்ள ஸ்டிக்குகளுக்குத்தான், பிளாஸ்டிக் ஸ்டிக்கில் முயலாதீர்கள்.

மென்பொருள் பக்கம் கொஞ்சம். பெடலைச் செருகியதும் டி.சி.எஸ் தானாகவே அச்சுகளை ஒதுக்கிவிடும், அதில் பெரும்பாலும் பிரேக் அச்சுகள் போய்ப் பிட்ச் (மூக்கைத் தூக்கித் தாழ்த்துவது), ரோலில் உட்கார்ந்துகொள்ளும். விமானம் தரையிலிருந்து எழுந்ததும் ஒரு பக்கம் சாய்ந்தே பறந்தால் முதலில் இதைப் பாருங்கள், பெடலின் பத்தியில் ரடர், இடது பிரேக், வலது பிரேக் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். ட்விஸ்ட்டையும் ரடரிலிருந்து நீக்குவது கட்டாயம், இரண்டும் ஒரே வேலைக்கு இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அடுத்தது பிரேக் தலைகீழாக இருப்பது: காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. பவர் கொடுத்தும் விமானம் நகராமல் நின்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். டி.சி.எஸ்-இல் இன்வெர்ட், மைக்ரோசாஃப்டில் ரிவர்ஸ் ஆக்ஸிஸ், ஒரு டிக் போட்டால் சரி. மைக்ரோசாஃப்டில் உதவிகள் பக்கத்துக்குப் போய் ஆட்டோ ரடரை அணைக்க மறக்காதீர்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பெடல் வாங்கியதற்கே அர்த்தமில்லை. எக்ஸ்-பிளேன் 12-இல், விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி நகர்த்திகள் எல்லாவற்றையும் சுழியத்தில் வையுங்கள்.

கர்வ், அதாவது நடுப்பகுதியில் அசைவின் விளைவை மென்மையாக்கும் அமைப்பு, பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். நான் வைப்பது இப்படி: பெடலுக்குக் கர்வ் இல்லை அல்லது மிகக் கொஞ்சம், ஏனென்றால் பெடலின் அசைவு தூரமே போதுமானது, கால் நேர்க்கோட்டு உறவைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ட்விஸ்ட்டுக்கு 20 முதல் 30 வரை கர்வ், கூடவே கை சாய்க்கும்போது தவறிப் போகும் திருகலை விழுங்கும் அளவு டெட்ஸோன், அதாவது நடுவில் அசைத்தாலும் எதுவும் நடக்காத இடைவெளி. பெடலில் டெட்ஸோன் போட வேண்டியிருந்தால் அது சென்சாரோ ஸ்ப்ரிங்கோ நடுவுக்குச் சரியாகத் திரும்பாததன் அறிகுறி, முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டர் உள்ள பெடல் துடித்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே தெளித்துப் பல தடவை முழு எல்லைக்கும் அசைத்தால் பெரும்பாலும் அடங்கும். பெடல் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று காணாமல் போனால் விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக யு.எஸ்.பி துறையை அணைத்திருக்கும், டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி ஹப்பிலும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

புதிதுக்குக் காசு இல்லாதவர்கள் பழையதை வாங்கலாம், பெடல் விஷயத்தில் அது நல்ல யோசனையே, வாங்கிவிட்டு மேசைக்கு அடியில் இடமில்லாமல் விற்பவர்கள் நிறைய. விற்பவரிடம் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் திரையைத் திறந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் காலை எடுத்துவிட்டுச் சும்மா வைத்திருக்க வேண்டும், ரடர் கோடு துடிக்கக் கூடாது. பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிக மெதுவாகத் தள்ள வேண்டும், கோடு எங்கேயும் தாவாமல் போக வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் விட்டால் ஒரே நடுவுக்குத் திரும்ப வேண்டும். பிரேக்குகளைத் தனித்தனியாக அழுத்திக் காட்ட வேண்டும். டி.எஃப்.ஆர்.பி என்றால் தொலைபேசி வயர் மாதிரி முனையிலிருந்து யு.எஸ்.பி-க்கு மாற்றும் சின்ன அடாப்டர் பெட்டியோடு வருகிறதா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உங்களிடம் டி.டபிள்யூ.சி.எஸ் மாதிரி இந்தப் பெடலைச் செருக இடமுள்ள த்ராட்டிலும் இல்லாமல் அந்த அடாப்டரும் இல்லாமல் போனால் பெடலைக் கம்ப்யூட்டரில் செருகவே முடியாது.